திறக்காமல் மாற்றச் சொன்னவர்

வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுபவர் அவர். போனை எப்போதும் கவிழ்த்தே வைப்பார். கள்ளக்குறிச்சியில் என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து, சீக்கிரமே மூடப்போகும் ஓர் இணையச் சேமிப்பிலிருந்த வீடியோக்களை இன்னொன்றுக்கு மாற்றச் சொன்னார்.

“தொறக்காமயே மாத்த முடியுங்களா?”

“முடியும். உங்க போனுக்கே வராம நேரா அங்க போய்டும்” என்றேன்.

“நான் கேரளாவுல வேலையில இருந்தப்ப என் சம்சாரம் எடுத்துப் போட்டதுங்க. ஒண்ணுகூட பாக்கல. பாத்தேன்னு பொய் சொல்லிக்கினே இருந்தேன். இப்ப அது உசுரோட இல்ல. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பாக்கறது? அழிக்கவும் மனசு வரல.”

மாற்றி முடித்ததும், சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தில் ஒன்றைத் திறந்துவிட்டேன். செய்திருக்கக் கூடாது.

“மாமா, நேத்து போட்டத பாத்தியா?” என்று சிரித்தபடி கேட்டது ஒரு பெண்குரல்.

அவர் திரைப்பக்கம் திரும்பவே இல்லை.

“பாத்தேன் புள்ள” என்றார்.