எனக்காக நடந்த கால்

வேங்கிக்காலில் இருக்கும் என் ஆபீஸ் படியில் கால் மடங்கி விழுந்தேன். கணுக்கால் எலும்பில் விரிசல். எலும்பு நகரவில்லை, ஆபரேஷன் தேவையில்லை, மாவுக்கட்டு போட்டுக் காலை ஊன்றாமல் இருந்தால் சேர்ந்துவிடும் என்றார் டாக்டர். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லும் டாக்டரை நம்பலாமா என்று எனக்குக் கொஞ்ச நாள் குழப்பம். நான் அப்படித்தான். கடைக்காரர் தானாக விலையைக் குறைத்தால் வாங்காமல் வந்துவிடுவேன்.

வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டார். "உன் கால் சேர்ற வரைக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான் கிரிவலம் போறேன்."

தெருமுனையில் பால் வாங்கவே பைக்கை எடுக்கிற மனிதர், வெறுங்காலோடு மலையைச் சுற்றப் போகிறாராம். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

முதல் பௌர்ணமி முடிந்து விடிகாலையில் வந்தார். எங்கள் தெருவில் கிரிவலம் போய்வந்தவர்கள் அன்று முழுக்கத் தைலமும் கையுமாகக் கிடப்பார்கள். இவர் ஒரு 'அப்பாடா' கூடச் சொல்லவில்லை. குளித்து, இட்லி சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்பிவிட்டார். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் காபிக் கடையில் அரட்டை அடித்துவிட்டு ஆட்டோவில் வந்திருப்பார் என்று முடிவே கட்டிவிட்டேன். என்னிடம் பொய் சொல்லட்டும், பரவாயில்லை. சாமியையே ஏமாற்றினால் என் கால் எப்படிச் சேரும்?

"செங்கம் ரோட்ல காபி நல்லா இருந்துச்சாங்க?" என்று கேட்டேன்.

"நடக்கறப்ப காபி எங்க குடிக்கறது? பேசாம இரு."

இரண்டாவது பௌர்ணமிக்கும் அதே கதை. முனகல் இல்லை, நொண்டல் இல்லை. இந்த முறை விடக்கூடாது என்று, காலையில் அவர் பேப்பரோடு உட்கார்ந்ததும், "காலைத் தூக்கி இந்த ஸ்டூல்ல வைங்க" என்றேன். நடந்திருந்தால் பாதத்தில் தெரியாமலா போகும்?

"இன்னா, போலீஸ் விசாரணையா?" என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

பாதம் கறுத்து வெடித்திருந்தது. குதிகாலில் ஒரு கல் துண்டு சதைக்குள் ஏறி, சுற்றிலும் ரத்தம் காய்ந்திருந்தது. நடந்திருக்கிறார். முழுச் சுற்றும் நடந்திருக்கிறார். ஆனால் அந்தக் காலின் கணுக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் காய்ச்சல் அடிப்பதுபோல் சுட்டது. என் உடைந்த கால்கூட இப்படி வீங்கவில்லை.

"வலிக்கலையா?"

"இல்லியே."

அந்தக் கல்லை நான் பிடுங்கினேன். அதற்கும் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அன்றே அதே டாக்டரிடம் போனோம். நான் ஊன்றுகோலோடு, அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு. எக்ஸ்ரேயில் என் எலும்பில் இருந்தது மயிரிழை விரிசல். அவருக்குக் கணுக்காலே நொறுங்கியிருந்தது.

"சுகர் ரொம்ப நாளா இருக்குல்ல? நரம்பு செத்துப்போச்சும்மா. எலும்பு உடைஞ்சாலும் அவருக்குத் தெரியாது. இன்னொரு சுத்து நடந்திருந்தா இந்தக் காலைக் காப்பாத்தறதே கஷ்டம்" என்றார் டாக்டர் என்னிடம்.

"அப்ப வேண்டுதல்?" என்று கேட்டார் இவர். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

இப்போது அவருக்கும் கட்டுப் பிரித்தாயிற்று. தினமும் காலையில் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு வரை திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

"நல்லாத்தான் இருக்கு, வலியே இல்ல" என்பார்.

அதை மட்டும் நான் நம்புவதே இல்லை.