கொக்கியில் தொங்கிய படகு

ராட்டர்டாம் போகும் கப்பலில் பயூமி ஏறியிருக்கிறார். ஹாம்பர்க் போகும் கப்பலில் ஏறியிருக்கிறார். பெயரே வாயில் நுழையாத ஊர்களுக்குப் போகும் கப்பல்களிலும் ஏறியிருக்கிறார். எல்லாவற்றிலிருந்தும் போர்ட் சயீதில் இறங்கிவிடுவார். பிறகு எதிர்த்திசையில் இன்னொரு கப்பல். அதிலிருந்து சூயஸில் இறங்குவார். கால்வாயின் இரண்டு முனைகளுக்கு அப்பால் அவர் போனதே இல்லை.

அவருடையது வடம் கட்டும் வேலை. கால்வாய்க்குள் நுழையும் கப்பல் தன் கிரேனால் அவருடைய சிறிய மோட்டார் படகைத் தூக்கித் தளத்தோரம் தொங்கவிட்டுக்கொள்ளும். வழியில் கப்பலைக் கரையில் கட்ட வேண்டி வந்தால், படகை இறக்கி வடத்தைக் கரைக்குக் கொண்டுபோவது பயூமியும் அவர் மனைவியின் தம்பி தசூக்கியும். பெரும்பாலான பயணங்களில் அப்படி எதுவும் நேராது. கப்பல்காரர்களுக்குப் பித்தளைப் பிரமிடும் பஞ்சடைத்த ஒட்டகமும் விற்றுக்கொண்டு வருவார்கள்.

மகள் தஹானிக்கு வியாழக்கிழமை அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு லீவு முடிந்து வெள்ளிக்கிழமை காலையில் குவைத்துக்கு விமானம். புதன் காலை சூயஸில் ஏறினால் அன்று ராத்திரி போர்ட் சயீத், மறுநாள் காலை பஸ், மதியச் சாப்பாட்டுக்கு வீடு என்று கணக்குப் போட்டுத்தான் பயூமி கப்பல் ஏறினார். புதன் மத்தியானம் புழுதிக்காற்று கிளம்பியது. வானம் செங்கல் நிறமானது. வரிசையில் வந்த கப்பல்கள் எல்லாம் கால்வாயின் நடுவே உள்ள கசப்பு ஏரியில் நங்கூரம் போட்டு நின்றன.

ஏரியின் மேற்குக் கரையில் ஃபனாரா. அதுதான் பயூமியின் ஊர். புழுதி சற்று விலகும்போது பள்ளிவாசல் மினாரா தெரிந்தது. அதிலிருந்து மூன்றாவது தெருவில் வீடு.

வியாழன் காலையில் மனைவி இன்ஷிராஹ் போனில் வந்தாள்.

"தஹானி வாப்பா, எங்கதான் இருக்கீங்க?"

"உன் கண்ணு முன்னாடிதான். மாடிக்குப் போய்ப் பாரு. கறுப்பா ஒரு கப்பல், அதுல சிவப்புப் பட்டை."

"மாடியில விளக்கு கட்டிக்கிட்டிருக்காங்க. விளையாடாதீங்க. வருவீங்களா மாட்டீங்களா?"

"வந்துட்டே இருக்கேன்னு வச்சுக்க."

"காஜியார் கேக்குறாரு. நீங்க வரலேன்னா வக்கீலா யாரு உக்காருவாங்கன்னு."

இங்கே வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டுக்காரர் இல்லை. பெண்ணுக்காக மாப்பிள்ளையின் கையைப் பிடிப்பவர். இரண்டு கைகளின் மேலும் வெள்ளைக் கைக்குட்டையைப் போட்டு காஜியார் ஓதுவார். வாப்பா வர முடியாவிட்டால் அவர் வாயால் சொல்லும் நெருங்கிய சொந்தம். தாய்மாமன் தசூக்கியும் இதே கப்பலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மிச்சம் இருப்பது பயூமியின் அண்ணன் சனத் ஒருவர்தான்.

சனத்தின் பெயரைப் பயூமி வாயால் சொல்லிப் பல வருஷமாகிறது. முன்பு இருவருக்கும் சேர்ந்து ஒரு மீன்பிடிப் படகு இருந்தது. ஒரு நாள் அடிவால்வைத் திறக்காமல் கிளம்பிவிட்டார்கள். குளிர்விக்கும் ஏரித் தண்ணீர் உள்ளே வராமல் என்ஜின் வெந்து இறுகிப்போனது. நீதான் மூடினாய் என்றார் ஒருவர். நீதான் திறக்கவில்லை என்றார் மற்றவர். படகு பழைய இரும்பாகப் போனது. அண்ணன் கரையில் என்ஜின் பட்டறை வைத்தார், தம்பி கப்பலில் தொற்றிக்கொண்டார். சந்தையில் எதிரே வந்தால் இருவரில் ஒருவர் மறுபக்கம் கடந்துவிடுவார்.

"வேற யாரும் வேணாம். நானே வர்றேன்" என்று சொல்லிப் பயூமி போனை வைத்தார்.

வழி இருந்தது. காற்று கொஞ்சம் தணிந்ததும், கப்பலின் தலைமை அதிகாரி, தூக்கம் கலையாத முகமுள்ள ஒரு கிரேக்கர், வடம் கட்டும் படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். காற்று மறுபடி கிளம்பினால் கப்பலைக் கரையில் கட்ட வேண்டியிருக்குமாம். பயூமிக்கு வேறென்ன வேண்டும்? வெள்ளோட்டம் ஃபனாராப் பக்கம். அவர் படித்துறையில் குதித்துவிடுவார், தசூக்கி படகைத் திருப்பிக்கொண்டு வருவான். மீன்பிடிப் படகுகள் நங்கூரமிட்ட கப்பல்களை நெருங்கக்கூடாது என்பதால் இதை விட்டால் கரைக்குப் போக வேறு வழியே இல்லை.

கப்பலின் நீளத்தைக்கூடத் தாண்டவில்லை, அலாரம் கத்தியது. புகைக்குழாய் புகையோடு தண்ணீரையும் துப்ப வேண்டும். வந்தது வெறும் ஆவி. என்ஜினை நிறுத்தி, எதிர்காற்றில் துடுப்புப் போட்டுத் திரும்பினார்கள். கிரேன் மறுபடி படகைத் தூக்கித் தளத்தோரம் தொங்கவிட்டது.

"ஒழுங்கா ஓடினாத்தான் இறக்குவேன்" என்று தலைமை அதிகாரி போய்விட்டார்.

பயூமி பாயை மடித்து முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு குனிந்தார். முதலில் பார்த்தது அடிவால்வைத்தான். திறந்திருந்தது. வடிகட்டியைக் கழற்றினார்; கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். பெல்ட் இறுக்கமாக இருந்தது. பம்ப்பின் மூடியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரத்தை இங்கே வண்ணத்துப்பூச்சி என்பார்கள். அந்தப் பூச்சிக்கு மூன்று இறக்கைகளைக் காணோம். மிச்சமிருந்தவை கருகிச் சுருண்டிருந்தன.

"தண்ணியில்லாம ஓடியிருக்கு" என்றார் பயூமி. "டேய் தசூக்கி! சூயஸ்ல படகு கொக்கியில தொங்கும்போது என்ஜினைப் போட்டியே, எவ்வளவு நேரம்டா ஓட்டினே?"

வடம் கட்டுபவர்கள் எல்லாரும் செய்வதுதான். படகு அந்தரத்தில் தொங்கும்போதே என்ஜினை உறுமவிட்டுக் காட்டுவார்கள். கப்பல் அதிகாரி தலையாட்டியதும் அணைத்துவிடுவார்கள். அந்தச் சில நொடிகளை ரப்பர் தாங்கிக்கொள்ளும்.

"அதிகாரி வாக்கிடாக்கியில பேசிக்கிட்டு நின்னான் மச்சான். ரொம்ப நேரம் திரும்பியே பாக்கல."

"அவன் பேசினா நீ அணைக்க மாட்டியா? மூளை இருக்கா, ஒட்டகத்துல அடைச்ச பஞ்சு இருக்கா?"

"அணைக்கட்டுமான்னு உங்களைத்தானே கேட்டேன்! 'ஓடட்டும்டா, கப்பல்காரன் காது குளிரட்டும்'னு சொன்னது யாரு? பிரமிடைத் துடைச்சுக்கிட்டே சொன்னீங்க."

பயூமி மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொப்பிக்குள் போட்டார்.

மாற்றுச் சக்கரம் கையில் இல்லை. தளத்து மேஸ்திரி ரோமெல் பிலிப்பினோக்காரர்; முந்தின நாள் இரண்டு ஒட்டகம் வாங்கியவர். எட்டிப் பார்த்தார்.

"உயிர்காப்புப் படகுல இருந்து கழட்டின பழசு ஒண்ணு டப்பாவுல கிடக்கு. புதுசைக் கேக்காதே, என் தலை போயிடும்."

பழசு வந்தது. நடுத்துளை பொருந்தியது, அகலம்தான் கூடுதல். பயூமி சவர பிளேடால் இறக்கைகளின் ஓரத்தைச் சீவினார். பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, இறக்கைகளை ஒரே பக்கமாக மடக்கி உள்ளே நுழைத்தார். உட்கார்ந்துகொண்டது.

"அவ்வளவுதான், இறக்குவோம்" என்று தசூக்கி எழுந்தான். பிற்பகல் அஸர் பாங்கு கரையிலிருந்து மெலிதாக வந்தது.

"உடைஞ்ச மூணும் எங்கே?"

"போகட்டும் மச்சான். மீன் தின்னிருக்கும்."

"உள்ளதான் இருக்கும். குழாய்ல எங்கேயாவது அடைச்சா நடு ஏரியில நிப்போம். இங்கேயும் இல்லாம, அங்கேயும் இல்லாம."

குழாய்களைக் கழற்றினார்கள். ரோமெல் தீயணைப்புக் குழாயை இழுத்துவந்து எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சினார். ஒரு துண்டு தசூக்கியின் மார்பில் வந்து ஒட்டியது. இன்னொன்று வளைவில் கிடைத்தது. மூன்றாவது வரவில்லை. மறுபடி பாய்ச்சினார்கள். கம்பி விட்டுக் குடைந்தார்கள். இன்ஷிராஹ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எண்ணெய்க் கையோடு போனை எடுக்க முடியவில்லை. தசூக்கி எடுத்துக் காதில் வைத்து, "ஆங்... ஆங்... ஒரு இறக்கையைத் தேடிக்கிட்டிருக்கோம் அக்கா... கோழி இல்லக்கா!" என்றான்.

கடைசியில் அது கூலரின் வாயிலேயே, குழாய்களின் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பயூமி இரண்டு விரலால் கிள்ளி எடுத்தார். மூன்று துண்டுகளையும் பழைய சக்கரத்தோடு வைத்துப் பொருத்திப் பார்த்தார். குறைவில்லை.

குழாய்களை மாட்டி நிமிர்ந்தபோது புழுதி அடங்கியிருந்தது. ஃபனாரா துலக்கமாகத் தெரிந்தது. மொட்டைமாடிகளில் எது விளக்குக் கட்டிய மாடி என்றுகூடச் சொல்லிவிடலாம். இந்த முறை அந்தரத்தில் உறுமவிடவில்லை. உறிஞ்சு குழாயைப் பெரிய வாளிக்குள் இறக்கி, ரோமெல் அதில் தண்ணீர் விட்டுக்கொண்டேயிருக்க, என்ஜினைப் போட்டார். புகைக்குழாய் இருமியது. பிறகு தண்ணீரைத் துப்பியது, நின்று, மறுபடி துப்பியது. அப்புறம் விடாமல் துப்பியது.

"அல்ஹம்துலில்லாஹ்! ரோமெல், அதிகாரியைக் கூப்பிடு. இறக்கச் சொல்லு" என்றான் தசூக்கி.

ரோமெல் நகரவில்லை. கப்பலின் முன்பக்கம் கைகாட்டினார். கனத்த சங்கிலி உருளும் சத்தம் அங்கிருந்து வந்தது. காற்று நின்றதால் கால்வாய் திறந்துவிட்டது. நங்கூரம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஓடுற கப்பல்ல இருந்து இறக்க மாட்டாங்க, பயூமி. உனக்குத் தெரியாததா?"

தெரியும். பயூமி கொக்கியைப் பார்த்தார், அதன் கயிற்றைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். மக்ரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. கொக்கியில் தொங்கிய படகோடு கப்பல் மெதுவாக நகரத் தொடங்கியது.

தசூக்கி போனை அவர் காதருகே பிடித்தான். முதலில் வந்தது தஹானி.

"வாப்பா, பெரியவாப்பா வாசல்ல நிக்கிறாங்க. உள்ள வரல. நீங்க சொன்னாத்தான் வருவாங்களாம். நீங்க சொன்னாத்தான் நானும் உக்காருவேன்."

பிறகு காஜியார். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், சாட்சிங்க கேக்கணும். பொண்ணு சார்பா யாரு வக்கீல்? உங்க வாயால சொல்லுங்க."

"என் அண்ணன்" என்றார் பயூமி. "சனத்."

"கேக்கல. என்ன அங்க இரைச்சல்?"

"என்ஜின்."

"அதை நிறுத்திட்டுப் பேசுங்களேன்."

தசூக்கி சாவிக்குக் கை நீட்டினான். பயூமி அவன் கையைத் தட்டிவிட்டார்.

"என் அண்ணன் சனத்!" என்று கத்தினார். மேல்தளத்தில் காபிக் கோப்பையோடு நின்ற தலைமை அதிகாரிகூடத் திரும்பிப் பார்த்தார். "என் அண்ணன் சனத்தான் வக்கீல்! உள்ள வரச் சொல்லுங்க!"

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் ஓசை. யாரோ செருமினார்கள். பிறகு ஒரு கரகரத்த குரல், போனுக்கு மிக அருகில்.

"தம்பி. தண்ணி வருதா?"

பயூமி புகைக்குழாயை எட்டிப் பார்த்தார்.

"வருது."

"அப்ப சரி" என்றது குரல். தள்ளிப் போய், "கையைக் கொடுங்க மாப்பிள்ளை" என்றது.

காஜியார் ஓத ஆரம்பித்தார். பயூமி இப்போது என்ஜினை நிறுத்தினார். மினாரா கப்பலின் வால்பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் போனில் பெண்களின் குலவை எழுந்தது. அவர் காதைக் கரைப்பக்கம் திருப்பினார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது.