திங்கட்கிழமைப் பட்டியலில் நான்கு பெயர்கள்

ஹில்டாவைப் பற்றி ராயபுரத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மூளை பிசகிவிட்டது என்கிறார்கள், காத்து கருப்பு அண்டியது என்கிறார்கள். டீக்கடையில் என் காதுபடவே பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடந்ததை முழுசாகப் பார்த்தவன் நான். அந்த நான்கு பெயர்களை மைக்கில் படித்தவனே நான்தான்.

என் பெயர் சிலுவைமுத்து. எங்கள் கோயிலில் இருபத்திரண்டு வருடமாகக் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பீடத்துணி மாற்றுவது, செருப்போடு உள்ளே வருகிறவனைத் திட்டுவது எல்லாம் என் வேலை. திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆன்மாக்களுக்கான பூசை நடக்கும். இறந்துபோன தங்கள் ஆட்களின் பெயர்களை ஜனங்கள் சீட்டில் எழுதி, வாசலோரம் இருக்கிற மரப்பெட்டியில் போடுவார்கள். பூசைக்கு முன்னால் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பெயராக நான் படிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் கோயில் மொத்தமும் “இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே” என்று சொல்லும். அறுபது எழுபது பெயர் வரும். வாய் பாட்டுக்குப் படிக்கும், மனசு வேறெங்காவது கிடக்கும். அதுதான் நான் செய்த தப்பு.

ஹில்டா எங்கள் பக்கத்து வீடு. எண்ணூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. காலையில் வேலைக்கு வந்தவர்களை எண்ணி, மதியம் எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று சொல்கிறவள் அவள்தான். பதினாறு வருடத்தில் ஒரு தட்டு கூடியதில்லை, குறைந்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். “இன்னாண்ணே, நீ மணி அடிக்கிறியா, இல்ல அடிக்கட்டுமான்னு மணிகிட்ட கெஞ்சிகினு கீறியா?” என்று என்னை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்பாள். அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸுக்குத் துறைமுகத்தில் வேலை. வருகிற கப்பலிலிருந்து எறிகிற கயிற்றைக் கரையில் நின்று வாங்கிக் கட்டுவான். முப்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான கப்பலைக் கட்டியிருக்கிறான், ஒன்றில்கூட ஏறிப் போனதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய பெரிய பிள்ளை நோயல், கூட்டாளியின் மீன்பிடி லாஞ்சில் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனான். இருபத்திரண்டு வயசு. எண்ணூருக்கு வடக்கே காற்றில் லாஞ்சு கவிழ்ந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் பிழைத்து வந்தார்கள். பதினோரு நாள் தேடினோம். உடம்பு கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் பூசை வைக்கலாம் என்று ஃபாதர் வீட்டுக்கே போய்க் கேட்டார். “அவன் உடம்ப கண்ல காட்டுங்க ஃபாதர், அப்பால பூச வைங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை தவறாமல் அவள் சீட்டு பெட்டியில் வரும். மாமனார், மாமியார், அவளுடைய அம்மா என்று மூன்று பெயர் இருக்கும். நோயல் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை.

சின்னவள் ரேச்சல் இந்த மே மாதம் பிளஸ் டூ பாஸ் செய்தாள். அந்தக் குடும்பத்தில் அதைத் தாண்டிய முதல் ஆள். ஹார்பரில் ஒரு வெள்ளைக் கப்பல் வந்து நிற்கும், ஜனங்களை ஏற்றிக்கொண்டு நாலு நாள் கடலில் சுற்றிக் காட்டிவிட்டு வரும். “நீ பிளஸ் டூ முட்ச்சிரு, உன்ன அதுல இட்டுகினு போறேன்” என்று நோயல் தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். ரிசல்ட் வந்த அன்றைக்கே ஸ்டானிஸ்லாஸ் என்னிடம் வந்து, “அவன் சொன்னத நான் செஞ்சிடறேன் முத்து, புள்ள ஏமாந்துடக் கூடாது” என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து எல்லாம் பேசினோம். ரேச்சல் போனில் கப்பலின் நீச்சல்குளத்தைக் காட்டினாள். “கடலுக்குள்ளாறயே குளமா? கொழுப்பப் பாரு” என்றேன். ஸ்டானிஸ்லாஸ் அதையெல்லாம் பார்க்கவே இல்லை, அந்தக் கப்பலின் கயிறு எத்தனை கனம் இருக்கும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். மண்ணடியில் டிக்கெட் போட்டுத் தருகிற உமைமா என்கிற அம்மா, போகிறவர்கள் பெயரை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாள். ஹில்டா காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள். ஸ்டானிஸ்லாஸ், ஹில்டா, நோயல், ரேச்சல். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். ஸ்டானிஸ்லாஸ் என் காதோரம், “ரூமு நாலு பேருக்குத்தான முத்து, எழுதிட்டுப் போறா வுடு” என்றான்.

அன்று ராத்திரியே இன்னொரு காலண்டர் தாளில் திங்கட்கிழமை பூசைக்கான மூன்று பெயரையும் எழுதி, இரண்டையும் நாலாக மடித்துப் பையில் வைத்திருக்கிறாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்றை எடுத்து, மண்ணடியில் கொடுத்துவிடு என்று ரேச்சலிடம் நீட்டினாள். சாயங்காலம் இன்னொன்றைக் கோயில் பெட்டியில் போட்டாள். இரண்டையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவள் சீட்டு என் கையில் ஈரமாக வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை கிடையாது. பெட்டியில் மற்ற சீட்டெல்லாம் உலர்ந்துதான் இருந்தன. வியர்வைக் கையோடு போட்டிருப்பாள் என்று நினைத்து, விரித்துப் படிக்க ஆரம்பித்தேன்.

“ஸ்டானிஸ்லாஸ்” என்றேன். “இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே” என்றது கோயில். “ஹில்டா.” “இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே.” “நோயல்.” அதைச் சொல்லும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. “ரேச்சல்” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். மூன்றாவது வரிசையில் ஸ்டானிஸ்லாஸும் ரேச்சலும் என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாதாவே! ஜனங்கள் பழக்கத்தில் அதற்கும் பதில் சொன்னார்கள். ஹில்டாவும் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, கை கூப்பி, மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

பூசை முடிந்து நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். வெளியே வந்த பெண்கள் அவர்கள் மூவரையும் விட்டு ஒதுங்கிப் போனார்கள். ஒருத்தி ரேச்சலின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஹில்டா மட்டும் சிரித்தாள். மூன்று வருடத்தில் அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “இன்னாத்துக்குண்ணே பயப்படறே? இப்ப நாங்க நாலு பேரும் ஒரே லிஸ்டுல கீறோம்” என்றாள்.

மறுநாள் காலையில் உமைமா ஸ்டானிஸ்லாஸுக்குப் போன் போட்டாள். “அண்ணே, மூணு பேர் எழுதிக் குடுத்து வுட்டீங்களே, இவங்க வயசு இன்னா? எல்லாம் பழைய காலத்துப் பேரா கீதே” என்று கேட்டாள். கல்லறைக்குப் போன மூன்று பேருக்கும் ஏற்கெனவே கப்பலில் இடம் பிடித்து வைத்துவிட்டாளாம். ஹில்டா போனை வாங்கி, நடந்ததைச் சொல்லி, நிதானமாக நான்கு பெயரைச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் அவள் மாறினாள். வேலைக்குப் போனாள், வந்தாள், யாரையும் கிண்டல் செய்யவில்லை. புதன்கிழமை கேன்டீனில் முதல் தடவையாக ஒரு தட்டு குறைந்தது. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார்கள். அவள் தன்னை எண்ணவில்லை. கேட்டதற்கு, “என்னையும் சேக்கணுமா?” என்றாளாம். ரேச்சல் காலேஜுக்குப் போட வைத்திருந்த விண்ணப்பப் பாரத்தை ஹில்டா எடுத்துப் பரண்மேல் வீசிவிட்டு, “இனிமே இது இன்னாத்துக்குடி நமக்கு?” என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள், குழம்பில் உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி. அந்தப் பெண் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

வெள்ளிக்கிழமை உமைமா மறுபடி போன் போட்டாள். “உங்க பையன் பேசுனாருண்ணே. நாலு பேரும் ஒரே ரூமான்னு கேட்டாரு, ஆமான்னேன்” என்றாள். எந்தப் பையன் என்று ஸ்டானிஸ்லாஸ் கத்தினான். “நோயல்னு சொன்னாரு. பின்னாடி ஒரே காத்து சத்தம், சரியா கேக்கல” என்றாள். எந்த நம்பரிலிருந்து பேசினான் என்று கேட்டதற்கு, அவள் ஆபீஸ் போனில் நம்பர் தெரியாது என்றாள். எந்தக் கழிசடை செய்த விளையாட்டோ, இன்றுவரை தெரியாது. தெருவில் எல்லாருக்கும் கப்பல் விஷயம் தெரியும். அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஹில்டா அதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. பீரோவைத் திறந்து நோயலின் சட்டைகளை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ரேச்சல் கோயிலுக்கு வந்தாள். நான் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தேன். “மாமா, அம்மா இன்னா சொல்லுது தெரியுமா?” என்றாள். “கப்பல் எண்ணூரத் தாண்டி அண்ணன் இருக்கற எடத்துக்கு வருமாம். அங்க எல்லாரும் எறங்கிக்கலாமாம். எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுது, சிரிச்சிகினே சொல்லுது.” டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்கிறேன் என்றேன். “கப்பல் இல்லன்னா கடல் இல்லையா மாமா? வூட்டுல இருந்து பத்து நிமிசம்” என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, “திங்கக்கெழம நான் படிக்கிறேன்” என்றாள்.

எனக்குப் பயம்தான். இருந்தாலும் சரி என்றேன். திங்கட்கிழமை சீட்டுகளையெல்லாம் நான் இரண்டு தடவை பார்த்தேன். கோயில் நிறைந்திருந்தது. வம்பு கேட்க வந்த கூட்டம்தான் பாதி. ஹில்டா மூன்றாவது வரிசையில் புருஷன் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். ரேச்சல் மைக் முன்னால் போய் நின்று, தாத்தா பெயரைப் படித்தாள், பாட்டி பெயரைப் படித்தாள், அம்மாவைப் பெற்ற பாட்டி பெயரைப் படித்தாள். கோயில் பதில் சொன்னது.

“நோயல்” என்றாள்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஹில்டா எழுந்து நின்றாள். “அவன் சாவலடி!” என்று கத்தினாள். “எம் புள்ள சாவல! எறங்கு நீ!” பீடத்தில் ஃபாதர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்டானிஸ்லாஸ் அவள் கையைப் பிடித்தான், உதறினாள்.

ரேச்சல் இறங்கவில்லை. கன்னமெல்லாம் தண்ணீராக ஓடியது, ஆனால் குரல் உடையவில்லை. “அண்ணன் பேரச் சொன்னதுக்கு எழுந்து நின்னு சாவலன்னு சொல்றியே ம்மா” என்றாள். “போன வாரம் எம் பேரப் படிச்சாங்க. அப்ப நீ எழுந்து நிக்கலியே. எனக்கு இளைப்பாற்றி தாரும்னு நீயும் சேந்துதான சொன்னே. நான் உம் பக்கத்துலதான ம்மா உக்காந்துகினு இருந்தேன்.”

மைக்கில் சொன்னதால் கோயிலின் கடைசி வரைக்கும் கேட்டது. ஹில்டா தன் மகளை அப்போதுதான் பார்க்கிறவள் போலப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ரேச்சல் மறுபடி “நோயல்” என்றாள், இந்தத் தடவை கெஞ்சுகிற குரலில்.

“இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே” என்றாள் ஹில்டா. அவள் ஒருத்தியின் குரல் மட்டும்தான் கேட்டது. அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. மூன்று வருடத்து அழுகை அது. வம்பு கேட்க வந்தவர்களும் சேர்ந்து அழுதார்கள், நானும் பீடத்துணியில் மூக்கைத் துடைத்து ஃபாதரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பூசை முடிந்து படிக்கட்டில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கலைந்துவிட்டது. நான் கதவைச் சாத்த வந்தவன் சாத்தாமல் நின்றேன். ஹில்டா ரேச்சலின் கையை மடியில் வைத்து, விரல் விரலாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நாளிக்கி மண்ணடிக்குப் போலாம். அண்ணன் பேர எடுத்துட்டு நம்ம மூணு பேருக்கும் போடச் சொல்லலாம்” என்றாள். ரேச்சல் தலையாட்டினாள்.

ஹில்டா தயங்கித் தயங்கி, தப்புச் செய்த பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

“ஆமா, நீ மொத்தம் எத்தினி மார்க்குடி வாங்கினே?”