பலாபத்வலயில் ஒரு நாவல் சண்டை

கிரிபத்கொடையில் கண்டி பஸ் ஏறியபோது காலை ஆறரை மணி. என் கைப்பைக்குள் இரண்டு நாவல்கள் இருந்தன. மூன்றாவது எனக்கு முன்பே மாத்தளைப் பக்கம் போய்விட்டது. மூன்று வாரத்துக்கு முன் நானே அதைத் தபாலில் அனுப்பியிருந்தேன். அதைப் படித்து முடித்த பரீதாதான் போன் எடுத்து, "இதப் பத்திப் போன்ல பேச ஏலாது. புறப்பட்டு வா" என்றாள்.

பரீதா என் பள்ளித் தோழி. மாத்தளை டவுனில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அவளுடைய வாப்பா மிளகு, கராம்பு வியாபாரி. கலியாணம் என்னை வத்தளைக்குக் கொண்டுவந்தது. அவளை மாத்தளையிலிருந்து ஏழு கிலோமீற்றர் மட்டும் தள்ளி, பலாபத்வலயில் இறக்கிவிட்டது. இத்தனை வருடமும் எங்களை ஒட்டவைத்திருந்தது நாவல்கள்தான். ஒருத்தி படித்ததை மற்றவளுக்கு அனுப்புவாள். பிறகு போனில் சண்டை.

பஸ்ஸில் வாசித்துக்கொண்டு போனது ஒரு சலூன் கடைக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி கதை. கடைக்கு நடுவே சோக்கினால் கோடு போட்டு, கண்ணாடி அண்ணன் பக்கம், கதிரை தம்பி பக்கம் என்று பிரித்துக்கொள்கிறார்கள். முடி வெட்ட வந்தவன் பாடு திண்டாட்டம். என்னையறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் இரவு டியூட்டி முடிந்து கேகாலைக்குப் போகும் ஒரு நர்ஸ், தமிழ்ப் பெண். "என்ன மிஸ், தனியாச் சிரிக்கிறீங்க?" என்றார். கதையைச் சொன்னேன்.

"எங்க வீட்லயும் இதே கூத்துதான்" என்றார். "எங்க வீட்டுக்காரரும் அவரு தம்பியும் ஒரு தண்ணி மோட்டருக்காகப் பேசுறதில்ல. கடைசில இவங்க சேந்துர்றாங்களா?"

"இன்னும் அங்க வரல்லியே."

கேகாலையில் இறங்கும்போது கூட அவர் திரும்பி, "சேந்துருவாங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கடுகண்ணாவை ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். சேரவில்லை. அந்த நர்ஸிடம் இதைச் சொல்ல வேண்டி வரவில்லை என்பதில் ஒரு நிம்மதி.

இரண்டாவது நாவல் அறுநூறு பக்கம். முதல் நூறு பக்கமும் மழை. வெளியிலும் மழை பெய்ததால் அதைத் திறக்கவே மனம் வரவில்லை.

பத்து மணிக்குக் கண்டி. அங்கிருந்து மாத்தளை இருபத்தாறு கிலோமீற்றர், டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். அக்குறணை நெரிசலில் பஸ் அரை மணி நேரம் ஊர்ந்தது. எனக்கு அவசரமில்லை. சின்ன வயதில் லைப்ரரியில் இரவல் வாங்கிய ஒரே புத்தகத்தை நாங்கள் இருவரும் பஸ் ஹோல்ட்டில் உட்கார்ந்து ஒன்றாகப் படிப்போம். அவள் வேகமாகப் படிப்பாள். நான் பக்கத்தை முடிக்கும்வரை தாளின் ஓரத்தை விரலால் பிடித்தபடி பொறுமையில்லாமல் காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். "இன்னுமா? இன்னுமா?" எத்தனையோ பஸ்ஸை அப்படித் தவறவிட்டோம். மாத்தளைக்குள் நுழைந்ததும் மாரியம்மன் கோயில் கோபுரம் மழையில் நனைந்து பளிச்சென்று நின்றது. அந்த ஹோல்ட் இருந்த இடத்தில் இப்போது போன் கடை ஒன்று.

பலாபத்வலயில் இறங்கும்போது மழை விட்டு உச்சி வெயில். ஏ ஒன்பது வீதியோரம் பரீதாவின் பலசரக்குக் கடை, அதற்குப் பின்னால் வீடு. முற்றத்தில் சாக்கு விரித்துக் கராம்பு காயப் போட்டிருந்தது. அந்த வாசனையோடு அவள் ஓடிவந்து என் பையைப் பறித்துக்கொண்டாள்.

"மெலிஞ்சு போய்ட்டியே! சாப்பிடுறியா இல்ல, வாசிச்சுக்கிட்டே கெடக்குறியா?"

கோழிக் கறி, பலாக்கொட்டைப் பிரட்டல், கடைசியில் வட்டிலப்பம். சாப்பிட்டு முடியுமுன்னே நான் ஆரம்பித்துவிட்டேன். நான் அனுப்பிய அந்த நாவல் ஒரு கடலோர ஊரைப் பற்றியது. அறுபது வயது விதவை ஒருத்தி. மகள் குளிர் நாட்டில். தாய் போவாளா மாட்டாளா என்பதுதான் முந்நூறு பக்கமும். கடைசியில் போகிறாள். வீட்டைப் பூட்டி, அதை விலைக்கு வாங்கியவர் கையில் சாவியைக் கொடுத்து, வான் வண்டியில் ஏறுகிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தேன்.

"முப்பது வருஷம் வாழ்ந்த வீடு, பரீதா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. கல்லு நெஞ்சு. மகளுக்காகப் போறேன்னு சொல்றதெல்லாம் சும்மா சாட்டு."

"எனக்கு அந்த எடந்தான் புடிச்சுது."

"என்னத்தப் புடிச்சுது?"

"திரும்பிப் பாத்தா போக ஏலுமா?"

"அப்ப போகாம இருந்திருக்கணும்!"

அவள் பீங்கான்களை அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஸ்டெல்லா, எனக்கு விசா வந்திட்டு."

"எங்க போக?" என்று கேட்டேன். அவளுடைய ஒரே மகள் மெல்பர்னில் இருப்பது எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அதைத்தான் கேட்டேன்.

"மக ரெண்டாவது புள்ளைக்கு உண்டாகி இருக்கா. கட்டில விட்டு எழும்பவே வேணாம்னு டொக்டர் சொல்லிட்டாரு. மூத்தவன் வாலு. மருமகனுக்கு வேல. யாரு பாக்குறது? இங்க அவரு மவுத்தாகினதுக்குப் பொறகு எனக்கு ஒரு ஆள் சோறுதானே. கடைய என் கூடப் பொறந்த நானாட மகனுக்கே குடுத்திட்டேன். வீட்டையும்."

"எப்ப திரும்பி வருவ?"

"வீட்டையும் குடுத்திட்டேன்னு சொல்றேனே."

"ஏண்டி இத முன்னமே சொல்லல்ல?"

"சொல்லத்தானே வரச் சொன்னேன். நீ என்னடான்னா வந்ததும் வராததுமா என்னைய கல்லு நெஞ்சுன்னு சொல்லிட்ட."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. மூக்கைச் சிந்தத் தொடங்கிய என்னைப் பார்த்து, "அழுறதுன்னா வெளிய போய் அழு, கராம்பு நனைஞ்சாலும் பரவால்ல" என்றாள். பிறகு அலுமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்துவந்து கடைசி அத்தியாயத்தைத் திறந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றாகப் படித்தோம். இந்த முறை நான் முந்திவிட்டேன். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் நகத்தால் கோடு கிழித்துக் காட்டினாள். அந்தப் பெண் பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்க்கிறாள். படியிறங்குகிறாள். மறுபடி ஏறிப்போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறாள். சத்தியமாக முதல் வாசிப்பில் அந்த வரியை நான் பார்க்கவே இல்லை.

"பாக்க மாட்ட. ஒனக்கு அதுக்கு முந்தின பக்கத்துலயே கோவம் வந்திருக்கும்" என்றாள் பரீதா.

எத்தனை காலமாக அவளை வரச் சொல்லி மகள் கேட்டுக்கொண்டிருந்தாளோ, அவள் எத்தனை தடவை முடியாது என்றாளோ, நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு அவளும் என்னோடு ஓட்டோவில் மாத்தளை வரை வந்தாள். வழியில் அளுவிஹாரையைத் தாண்டும்போது டிரைவர், "அக்காமார் ரெண்டு பேரும் எங்க பயணம்?" என்று சிங்களத்தில் கேட்டார். "இவ கொழும்புக்கு, நான் அவுஸ்திரேலியாவுக்கு" என்றாள் பரீதா. அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

பஸ் நிலையத்தில் கூட்டம். நாங்கள் ஒரு தூணோரம் நின்றோம்.

"ஏர்போட்டுக்கு எந்த வழியாப் போவ?" என்று கேட்டேன்.

"எந்த வழியா? கொஞ்சம் சுத்தினாலும் நீர்கொழும்பு ரோட்டுலதான். ஒன் வீட்டு வாசலால."

"அப்ப எறங்கிச் சாப்பிட்டுப் போ."

"எறங்க மாட்டேன். எறங்கினா ஒன்கிட்டயே இருந்திருவேன். ரோட்டுக்கு வந்து நில்லு. கையக் காட்டிட்டுப் போறேன்."

"மழ பேஞ்சா?"

"கொட பிடிச்சிக்கிட்டு நில்லு."

கண்டி பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குனிந்து பார்த்தபோது அவள் அதற்குள் யாரோ ஒரு தெரிந்த பெண்ணிடம் கராம்பு விலை பேசிக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்ததும் பேச்சை நிறுத்தாமலே ஒரு கையை மட்டும் உயர்த்தினாள்.

அக்குறணையில் மறுபடி நெரிசல். அந்தக் கடைசி அத்தியாயத்தில் பரீதாவிடம் நான் காட்டாத வரி ஒன்று இருந்தது. வான் புறப்படும்போது பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்து நிற்கிறாள். அவ்வளவுதான். அவளுக்குப் பெயர் கிடையாது. வான் போன பிறகு அவள் என்ன செய்தாள் என்று நாவலில் ஒரு சொல்லும் இல்லை. போகிறவளைப் பற்றித்தான் கதை. போகிறவள் மேல் எனக்கு ஏன் அத்தனை கோபம் வந்தது என்று அப்போதுதான் பிடிபட்டது. முந்நூறு பக்கமும் நான் வேலியோரத்தில் நின்றே படித்திருக்கிறேன்.

வத்தளைக்கு வந்து சேர்ந்தபோது இரவு பத்து மணி. எங்கள் தெருவில் வாகனப் புகையும் வடிகான் நாற்றமும்தான். கராம்பு வாசனை உடுப்பில் மட்டும் மிச்சமிருந்தது. முகம் கழுவி, அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு, பரீதாவுக்குப் போன் எடுத்தேன்.

"வந்து சேந்திட்டேன்" என்றேன்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"சோறு வேகுது."

சோறு வெந்து முடியும்வரை அவள் போனை வைக்கவில்லை.