நான் போனால் விழும் வெள்ளைக் கோடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் பேரிங் வளையம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து காலையிலேயே போன். "மேடம், உங்க கேமரா மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு." என் கேமராவாம்! நான் என்னவோ பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்த மாதிரி. தொழிற்சாலைக் கேமராக்களுக்குச் சர்வீஸ் பார்ப்பது என் வேலை. மேனாம்பேட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் எட்டிவிடும் தூரம் என்பதால், அந்தக் கம்பெனியில் எது தும்மினாலும் ஆபீசில் என்னைத்தான் விரட்டுவார்கள்.

அங்கே கேமராவின் வேலை எளிது. பாலிஷ் செய்த எஃகு வளையத்தை லைனில் நிற்கும் அக்கா ஒவ்வொன்றாகத் தட்டில் வைப்பார். மேலேயிருந்து கேமரா படம் எடுக்கும். கீறல் இல்லையென்றால் திரையில் பச்சை. இருந்தால் சிவப்பு, வளையம் சிவப்புக் கூடைக்குப் போய்விடும். ஆயுத பூஜை லீவு முடிந்ததிலிருந்து அந்தக் கூடை நிரம்பி வழிந்தது. கழித்துப் போட்ட படங்களைத் திறந்து பார்த்தால், வளையத்தின் குறுக்கே விபூதியை இழுத்துவிட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு கீறலும் இல்லை.

வெளியாள் யார் வந்தாலும் முதலில் ஸ்டாண்டு ஃபேனை அவர் பக்கம் திருப்புவது அங்கே வழக்கம். டீ, பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான். தகரக் கூரைக்கு அடியில் அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. நானும் ஜம்மென்று காற்று வாங்கிக்கொண்டு லென்ஸைத் துடைத்தேன், கேபிளை மாற்றினேன், விளக்கைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். சிவப்புக் கூடையில் கிடந்த வளையங்களையே அக்காவைத் திரும்ப வைக்கச் சொன்னேன். எல்லாம் பச்சை! அப்பாடா என்று பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போயிருப்பேன், சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடிவந்தார். "மேடம், திரும்பவும் சிவப்பு." போன முறை வந்தபோதும் இதே கூத்துதான்.

திரும்பி உள்ளே போனேன். மறுபடி ஃபேன் என் பக்கம் வந்தது, மறுபடி எல்லாம் பச்சை. பேய் பிடித்தவள் பூசாரியைக் கண்டதும் அடங்குவது போல் இது என்னடா வம்பு என்று நான் விழித்தேன். சூப்பர்வைசருக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"பாருங்க மேடம், நீங்க நின்னா ஒழுங்கா வைக்கிறாங்க. அந்தாண்ட போனா ஏனோதானோன்னு வைக்கிறாங்க. வயசாயிடுச்சு, கையும் நடுங்குது. நாளைலேர்ந்து வேற ஆள் அனுப்பச் சொல்லி கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். அவங்களுக்கும் நேத்து சாயங்காலமே சொல்லியாச்சு."

இதை அவர் அக்காவை வைத்துக்கொண்டே சொன்னார். அக்கா வானகரத்திலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி வருகிறவர். வீட்டில் அவரும் மகளும்தான். அவர் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

"நான் இன்னா நைனா பண்ணேன்? எப்பவும் வெக்கிற மாதிரிதான் வெச்சிகினு கீறேன்" என்றார் அவரிடம். அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, வலது கையை நீட்டினார். "நெசமாவே என் கை ஆடுதாம்மா? நீயாவது பாத்து சொல்லேன்."

எனக்குச் சுருக்கென்றது. கை ஆடவே இல்லை. ஆனால் சொல்லிச் சொல்லியே அந்த மனுஷியை நம்ப வைத்துவிட்டார்கள்.

"கை நடுங்குனா படம் கலங்கும், கோடு விழாது" என்று சூப்பர்வைசரிடம் எகிறினேன். "லென்ஸ்ல தூசின்னா கோடு ஒரே இடத்துல விழும். இது படத்துக்குப் படம் இடம் மாறுது. அவங்க கைய ஏன் குத்தம் சொல்றீங்க?"

"அப்ப எதனாலன்னு நீங்களே சொல்லுங்க மேடம்."

எனக்குப் பதில் தெரியாதபோதுதான் கோபம் இரட்டிப்பாக வரும், அது என் பிறவிக் குணம். அக்காவின் முகம் வியர்வையில் குளித்திருந்தது. நான் மட்டும் மகாராணி மாதிரி காற்றில் நின்றேன். "முதல்ல இந்த ஃபேனை எடுங்க! வேலை பாக்கிறவங்களுக்குக் காத்து வேண்டாமா?" என்று கத்திக்கொண்டே ஃபேனைப் பிடித்து வெடுக்கென்று அக்கா பக்கம் திருப்பினேன்.

அக்கா அடுத்த வளையத்தை வைத்தார். சிவப்பு.

"பாத்தீங்களா? இப்ப நீங்க நிக்கும்போதே!" என்றார் சூப்பர்வைசர்.

நான் அக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி வைத்தார், துளி அசையவில்லை. கை மாறவில்லை, வளையம் மாறவில்லை. மாறியது ஃபேன் ஒன்றுதான். காற்று போகிற திசையில் அண்ணாந்து பார்த்தேன். கேமராவுக்கு மேலே, பூஜைக்குக் கட்டிய ஜிகினாத் தோரணம் முறுக்கிக்கொண்டு ஆடியது. பூஜைத் தோரணத்தை எந்தப் பட்டறையிலும் கழற்ற மாட்டார்கள், தானாக அறுந்து விழுந்தால்தான் உண்டு. அதனால் அது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான். டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து, கண்ணாடி மாதிரி இருந்த வளையத்தின் மேல் விழுந்தது. அந்த மினுக்கைத்தான் கேமரா கீறல் என்று நினைத்திருக்கிறது.

ஃபேனை என் பக்கம் திருப்பினேன், பச்சை. அக்கா பக்கம் திருப்பினேன், சிவப்பு. நான் வந்தால் ஃபேன் என்னிடம் வரும், போனால் அக்காவிடம் திரும்பும். கோடும் கூடவே போய்வந்திருக்கிறது.

"நாசமாப் போற ஜிகினா!" என்று கத்தி, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மார்பிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. திரையையும் தோரணத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் இல்லியா?" என்றார்.

"நீங்க இல்லக்கா. நீங்க இல்லவே இல்ல."

சூப்பர்வைசர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். "பாத்து ஏறு நைனா. கால் நடுங்குதுன்னு உன்னியும் அனுப்பிடப் போறாங்க" என்றார் அக்கா. லைனில் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். சூப்பர்வைசர் தோரணத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அங்கே நின்றபடியே கான்ட்ராக்டருக்குப் போன் செய்து ஆள் வேண்டாம் என்றார். இறங்கி வந்து, "தப்பா நெனச்சிட்டேங்க்கா" என்றார். "வுடு, வுடு" என்றார் அக்கா.

பிறகு அக்கா என்னிடம் வந்தார். லைனில் நிற்பவர்கள் போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். "உன் போனைக் கொஞ்சம் குடும்மா." எண்ணை அவரே அழுத்தினார். எடுத்தது மகள்.

"நான்தான்டி. வேலை போவல... நெசமாத்தான். என் மேல ஒண்ணும் தப்பில்லியாம், மிசினு மேல கட்டுன ஜிகினாவாம்... ஏய், இன்னாத்துக்கு அழுவுற? போய் ஒல வை. காத்தாலேர்ந்து ஒண்ணும் எறங்கல, இப்ப பசி உசுரு போவுது."