சிற்றாற்றுக் கல்லுக்கு அடியில்

முதலில் மூக்கில் ஏறியது செத்த மீன் நாற்றம்தான். மாசி மாதம்... குற்றாலத்து அருவி நூலாய் இளைத்திருந்த நேரம். எங்கள் ஊர் மேலகரத்துக்குக் கீழே சிற்றாற்று மடுவில், கெண்டையும் கெளிறும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

நேற்று இந்தக் குரூப்பில் யாரோ சிற்றாற்றுப் படம் போட்டிருந்தீர்கள். பார்த்ததும் அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது.

இரண்டாவது ஜெர்மன் சண்டை முடிந்திருந்த சமயம். இப்போது நூறு வயதை எட்டப்போகிற எனக்கு அப்போது இருபது இருபத்தொன்று இருக்கும். நான் மதராஸில் விலங்கியல் படித்து முடித்துவிட்டு, டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தேன்.

எங்கள் தெருக்கோடியில் பொன்னம்மாக்கா நூலுக்குச் சாயம் போட்டுப் பிழைத்தாள். புருஷன் தவறிவிட்டார். சாயம் ஏறிய நூலை அவள் அலசுவது அந்த மடுவுக்கு மேலேயுள்ள படித்துறையில். தண்ணீரில் சிவப்பு ஓடுவது எல்லார் கண்ணுக்கும் தெரியுமே... மீன் செத்ததும் பழி அவள் மேல் விழுந்தது. இனி ஆற்றில் இறங்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர் ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்.

அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"செம்பகம், நீ படிச்ச பிள்ளைல்லா... எங்கம்மா காலத்துல இருந்து இதே சாயந்தான் போடுதோம். அப்பல்லாம் சாவாத மீனு இப்ப மட்டும் ஏன் சாவுது?"

பரிதாபம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிட அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆமாம், ஏன்?

கல்லூரியில் எங்களைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். படகிலிருந்து இரும்பு வாளியை இறக்கி, கடலடிச் சேற்றை அள்ளிச் சல்லடையில் அலசினோம். புழு, சிப்பி, விரல்நுனி அளவு நண்டு... துறைமுகத்துச் சாக்கடை கலக்கும் இடத்தில் சல்லடை கிட்டத்தட்டக் காலி. தள்ளிப் போகப் போக உயிர்கள் கூடின. நீந்துகிற மீன் இடம் மாறிவிடும், அடியில் கிடப்பது மாறாது, அதனால் கடலின் சுகத்தை அதனிடம் கேட்கலாம் என்று அன்று புரிந்தது.

கடலுக்குச் சரியென்றால் சிற்றாற்றுக்கும் சரியாகத்தானே இருக்க வேண்டும்?

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருவரும் இறங்கினோம். படித்துறைக்குச் சற்றுக் கீழே, சாயம் ஓடுகிற இடத்தில் ஒரு கல்லைப் புரட்டினேன்.

"ஏட்டி, என்னத்தத் தேடுதே?"

"இங்கன பாருங்கக்கா."

கல்லின் அடியில் மூன்று வால் முளைத்த பூச்சிக்குஞ்சுகள் விறுவிறுவென்று ஓடின. மணல் துணுக்குகளை ஒட்டிக் கூடு கட்டிய புழு ஒன்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. நத்தைகள் ஊர்ந்தன. எல்லாம் உயிரோடு!

அக்கா குனிந்தவள் நிமிரவே இல்லை. "இத்தனை நாளா இதுக மேலயா நின்னு நூல் அலசினேன்!" என்றாள்.

கீழே போகப் போக ஒவ்வொரு கல்லாகப் புரட்டினோம். கரையில் நின்று சிலர் சிரித்தார்கள். இடது கையில் ஒரு ஓடை வந்து ஆற்றில் சேருகிறது... அதுவரை உயிர் இருந்தது. அதைத் தாண்டியதும் கல் மொட்டை. நத்தைகள் செத்து ஓடு மட்டும் கிடந்தது.

ஓடையில் ஏறி நடந்தோம். அங்கும் ஒரு புழு இல்லை. பாறை இடுக்கெல்லாம் நீலம் படிந்திருந்தது. வளைவு திரும்பினால், இரண்டு ஆட்கள் பீப்பாய்களைச் சாய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மலைமேல் காப்பித் தோட்டங்களுக்கு இலைநோய்க்குத் தெளிக்கிற நீல விஷ உப்பான மயில்துத்தம் ஏற்றிப் போகிற வியாபாரி ஒருவர் அந்த வருடம்தான் பக்கத்தில் சரக்கை அடைக்க ஒரு கிட்டங்கி வைத்திருந்தார்.

ஊர்ப் பெரியவரைக் கையோடு கூட்டி வந்தோம். அவர் முகம் சுளித்தார்.

"ஏம்மா, பூச்சி வந்து சாட்சி சொல்லுமாக்கும்?"

"அண்ணாச்சி, நீங்களே ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்க. பொறவு சொல்லுங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சாயத்துறையில் ஒரு கல். ஓடைக்குக் கீழே ஒரு கல். மறுபடி மேலே போய் இன்னொன்று... கடைசியில், யாரும் சொல்லாமலேயே ஓடைக்குள் நடக்க ஆரம்பித்தார்.

வியாபாரி முதலில் சத்தம் போட்டார். பிறகு ஆற்றுக்குத் தொலைவாகக் குழி வெட்டி அங்கே கழுவச் சம்மதித்தார். அக்காவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் அவள் துறையில் இறங்கினாள், யாரும் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நாங்கள் இருவரும் அதோடு விடவில்லை. மொட்டையான கற்களில் உயிர் திரும்ப வருமா? எது முதலில் வரும்? சாரல் விழுந்து வெள்ளம் போய் வடிந்த பிறகு முதலில் நூல்போல் சிவப்புப் புழுக்கள். பின்னால் பூச்சிக்குஞ்சுகள். நத்தையை மட்டும் காணவே காணோம். நான் தென்காசியில் டீச்சராகச் சேர்ந்துவிட்டேன், அக்கா விடாமல் பார்த்துவந்தாள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் சாயக் கையோடு வந்து நின்று கத்தினாள்... "ஏட்டி செம்பகம், நத்தை வந்துட்டு!"

வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது என் தம்பி பேத்திக்குக் கடலடி உயிர்களைக் கணக்கெடுப்பதே உத்தியோகம். கேமராவை ஆழத்தில் இறக்கி, உட்கார்ந்த இடத்தில் திரையில் பார்க்கிறாள். பக்கம் பக்கமாக அறிக்கை எழுதுகிறாள். "அதை யாரு ஆச்சி படிக்கா?" என்று சலித்துக்கொள்கிறாள். எங்களுக்கு அறிக்கை எழுதத் தெரியாது, ஆனால் காட்டினால் இறங்கிப் பார்க்க ஒருவர் இருந்தார்.

போன வாரம் அவள் போனில் ஒரு படம் காட்டினாள். இருட்டுச் சேற்றில் பூப்போல ஏதோ ஒன்று விரிந்து சுருங்கியது. "இது என்னட்டி?" என்று கேட்டேன்.

"இன்னும் பேரு வைக்கல ஆச்சி."

போனை அவளிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.