வீடியோவில் வாசித்த மகள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் அறுவடைக் காலத்தில், திருவாரூர் பேருந்து நிலையத்தில் நடந்தது இது. அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளுடன் துணி எடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கூட்டமோ கூட்டம். பழக்கடையில் நின்றபடி, "மன்னார்குடி பஸ் வந்தா ஏறி இடம் பிடி, பின்னாடியே வந்துடறேன்" என்று அவளை அனுப்பினேன். பையைப் போட்டு இடம் பிடிப்பதில் அவள் கெட்டிக்காரி.

படிப்பிலும் கெட்டிக்காரி என்றுதான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. தினமும் சாயங்காலம் பாடத்தை நான் வரி வரியாக வாசிப்பேன். அவள் திருப்பிச் சொல்வாள். நாலைந்து தடவை ஆனதும் புத்தகத்தைக் கையில் கொடுப்பேன். அவள் கடகடவென்று வாசிப்பதை வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பிவிடுவேன். அவர் அதை அறையில் உள்ளவர்களுக்கெல்லாம் காட்டுவாராம்.

பழம் வாங்கித் திரும்பினால், மன்னார்குடி பஸ் நிற்கிறது. அதில் மகள் இல்லை. கூப்பிட்டேன், ஓடினேன், வாய்விட்டு அழுதேன். அரை மணி நேரம் கழித்து போன் வந்தது. பேசியவர் நாகப்பட்டினம் பஸ்ஸின் கண்டக்டர்.

"பாப்பா பத்திரமா இருக்கும்மா. உங்க நம்பரை மனப்பாடமா சொல்லுச்சு. எதிர் பஸ்ல ஏத்தி விடறேன், நீங்க அங்கேயே நில்லுங்க."

அந்தப் புண்ணியவான் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

வந்து இறங்கியவளைக் கட்டிக்கொண்டு, "பஸ்ல பேரு எழுதியிருக்கே, பார்க்கலையாடி?" என்று கேட்டேன். எதிரே நின்ற பஸ்ஸில் இருந்த ஊர்ப் பெயரைப் படிக்கச் சொன்னேன். அவள் பெயரைப் பார்க்காமல் என் வாயையே பார்த்தாள்.

"நீ முதல்ல சொன்னாதாம்மா எனக்கு வரும்" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குச் சண்டை போடத்தான் போனேன். "எல்லாரும் சேர்ந்து சத்தமா சொல்றப்ப நல்லாத்தாங்க சொல்லுது. ஒவ்வொண்ணா படிக்க விட நேரம் எங்கங்க இருக்கு?" என்றார் ஆசிரியை. எந்த முகத்தோடு சண்டை போடுவது? வீட்டில் நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

இப்போது ஏழாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்க உட்கார வைத்தால், பாதி வரியில் புத்தகத்தை மூடிவிடுகிறாள். "இனிமே வராதும்மா, விட்டுடு" என்கிறாள். பன்னிரண்டு வயதில் ஒரு குழந்தை சொல்கிற பேச்சா இது? கணவர் இன்னும் வீடியோ கேட்கிறார். நெட் சரியில்லை என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

போன வாரம் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். அவள் வாய் மூன்றாவது வரியைச் சொல்கிறது. விரல் முதல் வரியிலேயே நிற்கிறது. எல்லா வீடியோவிலும் அப்படித்தான். தினமும் அவள் முகத்தை மட்டும் ரசித்துப் படம் எடுத்த நான், ஒரு நாளாவது அந்த விரலைப் பார்த்திருக்கலாம் என்ற நினைப்பு, அவள் புத்தகத்தை மூடும் ஒவ்வொரு முறையும் என்னைக் கொல்கிறது.